ருவாண்டா நாட்டின் இரண்டு அறங்கூறவையங்கள்

1. ஆய்வுப் பொருள்

போர் ஓய்ந்த நாட்டிற்கு முதற்கண் வேண்டுவது முறையா, அமைதியா என்னும் வினா மிகப் பழையது. முறை செய்யப் புகின் ஆறிவரும் புண் மீண்டும் கிளறப்படும் என்பர் ஒருசாரார். முறை செய்யாது விடின் பகை நீறுபூத்த நெருப்பாய்க் கிடந்து பின்னொரு நாள் மூண்டெழும் என்பர் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் முற்றும் பொய்யல்ல. எனினும் இவ்வினாவைப் பொதுநிலையில் வைத்து வாதிடுவதால் பெறும் பயன் சிறிது. ஒரு நாட்டின் வரலாற்றை எடுத்துக்கொண்டு, ஆங்கு எந்த மன்றம் எப்பணியைச் செய்தது, எதனைச் செய்ய இயலாது நின்றது என்று கண்டறிதலே தக்க நெறியாகும்.

அவ்வாராய்ச்சிக்கு ஆப்பிரிக்காவின் நடுவண் உள்ள ருவாண்டா நாடு பெரிதும் இடந்தருகின்றது. 1994ஆம் ஆண்டு ஆங்கு நிகழ்ந்த இனப்படுகொலைக்குப் பின்னர், ஒரே கொடுமையை ஆராய இருவேறு வகை மன்றங்கள் எழுந்தன. ஒன்று ஐக்கிய நாடுகள் அவை நிறுவியது. அண்டை நாடாகிய தான்சானியாவின் அரூசா நகரில் அமர்ந்தது. மற்றொன்று ருவாண்டாவின் ஊர்தோறும் வெளியிடங்களில் கூடியது. முன்னது உலகின் சட்டத்தைக் கொண்டு சிலரை ஆராய்ந்தது. பின்னது ஊராரைக் கொண்டு ஊராரையே ஆராய்ந்தது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால், முறைக்கும் அமைதிக்கும் உள்ள தொடர்பு ஓரளவு புலனாகும்.

2. நாடும் பகையின் தோற்றமும்

ருவாண்டாவில் வாழ்வோர் ஹூட்டு, துட்சி, துவா என முத்திறத்தார். இவர்கள் மூவர்க்கும் மொழி ஒன்றே. அது கின்யாருவாண்டா எனப்படும். சமயத்தாலும் வேறுபாடு இல்லை. ஒரே குலப்பெயரை ஹூட்டுக்களும் துட்சிகளும் பகிர்ந்துகொண்டிருந்தனர். வேளாண்மை, ஆனிரை வளர்ப்பு, அரசவைத் தொடர்பு ஆகியவற்றை ஒட்டி அமைந்த வேறுபாடு, ஐரோப்பியர் ஆட்சியில் பிறப்பால் மாறாத இனவேறுபாடாக இறுகிற்று. முதல் உலகப் போருக்குப் பின் அந்நாட்டை ஆண்ட பெல்சியத்தார், 1930களில் குடிமக்கள் ஒவ்வொருவர்க்கும் இனம் குறித்த அடையாள அட்டை வழங்கினர். நெகிழ்ந்திருந்த ஒன்று எழுத்தில் ஏறி நிலைபெற்றது. அவ்வட்டை 60 ஆண்டுகளுக்குப் பின் சாலைத் தடைகளில் உயிரைக் காக்கவும் கொல்லவும் வல்ல சீட்டாயிற்று.

1959 முதல் நிகழ்ந்த கலகங்களில் துட்சி மக்கள் பலர் அண்டை நாடுகளுக்கு ஓடினர். 1962 சூலை 1இல் நாடு விடுதலை பெற்றது. ஆட்சி ஹூட்டுத் தலைவர்கள் கையில் அமைந்தது. ஏதிலிகளின் மக்கள் உகாண்டாவில் வளர்ந்து, ருவாண்டா தேசபக்த முன்னணி என்னும் படையமைப்பைக் கண்டு, 1990 அக்டோபர் 1இல் எல்லையைக் கடந்து போர் தொடங்கினர். அப்போரை முடிக்கும் உடன்படிக்கை 1993 ஆகசுட்டு 4இல் கையெழுத்தாயிற்று. அது கையெழுத்தான இடமும் அரூசா நகரே. அமைதி எழுதப்பட்ட அதே ஊரில் பின்னர்க் கொலைவழக்குகள் ஆராயப்பட்டன என்பது கருதத்தக்கது.

1994 ஏப்பிரல் 6ஆம் நாள் இரவு, குடியரசுத் தலைவர் ஹபியாரிமானா ஏறிவந்த வானூர்தி கிகாலி நகரின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே தலைமையமைச்சர் அகாதே உவிலிங்கியிமானா அம்மையாரும், அவர்க்குக் காவல் நின்ற பெல்சிய வீரர் பதின்மரும் கொல்லப்பட்டனர். அம்மையார் ஹூட்டு இனத்தவரே. உடன்படிக்கையை ஏற்றவர் என்பதே அவர் செய்த குற்றம். பின்னர் ஏறத்தாழ நூறு நாள்கள் துட்சி மக்களும் அவர்களைக் காக்க முனைந்த ஹூட்டுக்களும் கொல்லப்பட்டனர். இறந்தோர் தொகையை 5 இலட்சம் முதல் 8 இலட்சம் வரை எனப் பலர் கணித்தனர். ருவாண்டா அரசு 10 இலட்சத்துக்கு மேல் என்கின்றது. ஐக்கிய நாடுகள் அவையின் படைத்தலைவராக ஆங்கு இருந்த கனடியர் டலேர் கூடுதல் படை வேண்டினார். பாதுகாப்பு அவையோ ஏப்பிரல் 21ஆம் நாள், ஏறத்தாழ 2,500 பேர் கொண்டிருந்த படையை 270 ஆகக் குறைக்கத் தீர்மானித்தது. சூலைத் திங்களில் முன்னணிப் படை கிகாலியைக் கைப்பற்றி ஆட்சி அமைத்தது.

காக்கத் தவறிய அவையே பின்னர் மன்றம் அமைத்தது. அரூசா மன்றத்தை ருவாண்டா மக்கள் நோக்கிய நோக்கில் இவ்வுண்மையும் கலந்திருந்தது என்பதை மறத்தலாகாது.

3. அரூசா மன்றம்

பாதுகாப்பு அவை 1994 நவம்பர் 8ஆம் நாள் 955ஆம் தீர்மானத்தால் ருவாண்டாவுக்கான அனைத்துலகக் குற்றவியல் மன்றத்தை நிறுவியது. அவ்வாண்டில் ருவாண்டாவும் அவ்வவையின் உறுப்பு நாடாக இருந்தது. மன்றம் வேண்டும் என முன்னர்க் கேட்டது அந்நாடே. எனினும் வாக்கெடுப்பில் அதனை எதிர்த்து வாக்களித்த ஒரே நாடும் அதுவே. மன்றத்தின் கால எல்லை 1994ஆம் ஆண்டளவில் நின்றமை, கொலைத் தண்டனை இல்லாமை, மன்றம் நாட்டிற்குப் புறத்தே அமைய இருந்தமை ஆகியன அந்நாடு கூறிய காரணங்களுள் சில. பிறர்க்கென அமைந்த முறை தமக்கு முறையாகாது என்னும் மனக்குறை தொடக்க நாளிலேயே தோன்றிவிட்டது.

மன்றத்தின் பணி 2015 திசம்பர் 31இல் முடிவுற்றது. அதற்குள் 93 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. 62 பேர் தண்டனை பெற்றனர். 14 பேர் விடுதலை பெற்றனர். 3,000க்கு மேற்பட்ட சான்றினர் உரைத்தனர். வழக்குகள் நடைபெற்ற நாள்கள் 5,800. இத்தொகைகளை நோக்குவார், இருபது ஆண்டுகட்கு இது சிறிதே எனலாம். ஆயினும் அரூசாவில் நின்றவர் யாவர் என்பதனையும் நோக்குதல் வேண்டும். இடைக்கால அரசின் தலைமையமைச்சர் கம்பாண்டா 1998இல் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு வாழ்நாள் சிறை பெற்றார். இனப்படுகொலைக் குற்றத்திற்காக அனைத்துலக மன்றம் ஒன்றால் தண்டிக்கப்பட்ட முதல் அரசுத் தலைவர் அவரே. குடும்ப, மகளிர் நலத்துறை அமைச்சராயிருந்த நியிராமாசுஹுகோ என்பார் 2011இல் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றார். அவ்வழக்கு தொடங்கிய ஆண்டு 2001. இத்தகையோர் நாட்டினுள் இருந்த ஊர்மன்றங்களின் கைக்கு எட்டாதவர். பல நாடுகளில் ஒளிந்திருந்தவர். அவர்களைப் பிடித்துத் தருமாறு நாடுகளைக் கட்டாயப்படுத்தும் ஆணை உலகமன்றம் ஒன்றற்கே உண்டு.

4. அக்கயேசு வழக்கு

அரூசா மன்றத்தின் பெரும்பணியை ஒரே வழக்கில் காணலாம். தாபா என்னும் வட்டாரத்தின் தலைவர் அக்கயேசு. முன்னர் ஆசிரியராயும் பள்ளி ஆய்வாளராயும் இருந்தவர். கொலைகள் தொடங்கிய பின்னும் ஏப்பிரல் 18 வரை தம் வட்டாரத்தில் அவற்றைத் தடுக்க முயன்றார் என மன்றமே கண்டது. அந்நாள் இடைக்கால அரசின் தலைவர்களோடு ஒரு கூட்டம் நடந்தது. அதன்பின் அவர் மாறினார். அடுத்த நாளே கொலையைத் தூண்டும் கூட்டத்தில் நின்றார். தடுக்க வல்லவர் ஒருவர் எந்த நாளில், எக்காரணத்தால் கொலையின் பக்கம் சாய்ந்தார் என்பதை ஒரு தீர்ப்பு நாள்வாரியாக வகுத்துக் காட்டியமை வரலாற்று மாணவர்க்குப் பெரும் பயன் தருவது. கொடுமை இயல்பாகப் பொங்கியது என்னும் கூற்றை அது மறுக்கின்றது. அது மேலிருந்து இடப்பட்ட பணி என்று நிறுவுகின்றது.

இவ்வழக்கின் நடுவர் மூவருள் ஒருவர் நவநீதம் பிள்ளை அம்மையார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 1941இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்; பேருந்து ஓட்டுநரின் மகள். நேட்டால் மாகாணத்தில் 1967இல் தாமே வழக்கறிஞர் தொழிலகம் தொடங்கிய, வெள்ளையரல்லாத முதற் பெண்மணி. இனவொதுக்கல் ஆட்சியின் சட்டம் முறைக்கு மாறாக நிற்பதைத் தம் வாழ்வில் கண்டவர். அக்கயேசு மீது முதலில் சாட்டப்பட்ட குற்றங்களுள் வன்புணர்ச்சி இடம்பெறவில்லை. சான்றுரைக்க வந்த தாய் ஒருத்தி, தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததைத் தன் உரையினூடே கூறினாள். அரசுத் தரப்பார் கேளாத அதனை நடுவர்கள் மேலும் வினவினர். மூவருள் பெண் நடுவர் இவர் ஒருவரே. வேறு பெண்டிரும் உரைத்தனர். 1997 சூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது.

1998 செப்டம்பர் 2இல் வந்த தீர்ப்பு இருவகையால் முதலாவது. இனப்படுகொலை என்னும் குற்றம் 1948 திசம்பர் 9ஆம் நாள் உடன்படிக்கையால் வரையறுக்கப்பட்டிருந்தும், அக்குற்றத்திற்கு அனைத்துலக மன்றம் ஒன்று தீர்ப்பளித்தது அன்றுதான். ஓர் இனத்தை அழிக்கும் கருத்தோடு செய்யப்படும் வன்புணர்ச்சியும் இனப்படுகொலையாகும் எனத் துணிந்ததும் அன்றே. அதுகாறும் போரில் பெண்டிர்க்கு நேர்வன போரின் இயல்பான விளைவுகள் எனப் புறத்தே ஒதுக்கப்பட்டன. ஒரு சான்றுரையிலிருந்து கிளைத்த வினா உலகச் சட்டத்தையே மாற்றிற்று.

இத்தீர்ப்பில் மற்றொரு நுண்பொருளும் உண்டு. மொழியும் பண்பாடும் ஒன்றாக உடைய துட்சியரை எவ்வாறு தனி இனமெனக் கொள்வது என்ற ஐயம் மன்றத்திற்கு எழுந்தது. அவர்களைத் தனித் திறத்தார் என அரசும் மக்களும் நிலையாகக் கருதிவந்தனர் என்பதற்கு, அடையாள அட்டையையே மன்றம் சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டது. பிரித்தவர் எழுதிய எழுத்தே பிரிக்கப்பட்டவரைக் காக்கும் சட்டத்திற்கும் சான்றாயிற்று.

5. சொல்லும் கொலையும்

கல்வியாளர் கருத்தை ஈர்க்கத்தக்க மற்றொரு வழக்கு 2003 திசம்பர் 3இல் தீர்ப்புப் பெற்றது. அவ்வமர்வுக்கு நவநீதம் பிள்ளை அம்மையாரே தலைவர். குற்றஞ்சாட்டப்பட்டோர் மூவர். ஒருவர் கங்குரா என்னும் இதழின் ஆசிரியர் இங்கேசே. மற்றிருவராகிய நகிமானா, பாரயாகுவீசா என்போர், நாட்டின் சிறப்புப் பெயரால் ஆயிரங்குன்ற வானொலி எனப்பட்ட நிலையத்தை நிறுவியோருள் அடங்குவர். இவருள் நகிமானா வரலாற்றுப் பேராசிரியர். பிரான்சில் பட்டம் பெற்றவர். கங்குரா இதழ் 1990இல் ஹூட்டுக்களுக்குரிய பத்துக் கட்டளைகள் என ஒன்றை வெளியிட்டு, துட்சியரோடு மணவுறவும் வணிகவுறவும் கொள்வாரை வஞ்சகர் என்றது. வானொலி, கொல்லப்பட வேண்டியோரைப் பெயர் சொல்லியே அறிவித்தது.

1946இல் நூரம்பெர்க்கு மன்றம் தூற்றுதற் பணி செய்த இதழாசிரியர் ஒருவரைத் தண்டித்த பின், சொல்லின் குற்றத்தை இத்துணை விரிவாக ஆராய்ந்த அனைத்துலகத் தீர்ப்பு வேறில்லை. மேல்முறையீட்டில் 2007இல் சில குற்றங்கள் நீக்கப்பட்டு மூவர் தண்டனையும் குறைந்தது. உரிமையுடைய கருத்துக்கும் கொலைத் தூண்டுதலுக்கும் இடையே கோடு எங்கே என்பதில் அறிஞரிடை இன்றும் வேறுபாடு உண்டு. எனினும் மக்களின் தோற்றம் பற்றிய ஆராய்ச்சி, எவர் மண்ணின் மைந்தர், எவர் வந்தேறிகள் என்ற பிரிவினைக்குக் கருவியாகும்போது, பல்கலைக்கழகத்தின் நூலறையும் கொலைக்களத்திற்கு வெகு தொலைவில் இல்லை என்பதை இவ்வழக்கு உணர்த்துகின்றது. வரலாறு எழுதுவார் யாவரும் இதனைத் தமக்குக் கூறியதாகக் கொள்ளல் நன்று.

6. சிறைகளின் நிலை

அரூசாவில் சிலர் ஆராயப்படுகையில், ருவாண்டாவின் சிறைகளில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். நாட்டின் நீதிபதிகளுள் பலர் கொல்லப்பட்டோ நாட்டைவிட்டு ஓடியோ போயினர். வழக்கறிஞர் மிகச் சிலரே. 1996இல் இயற்றிய சட்டத்தால் நாட்டு நீதிமன்றங்கள் வழக்குகளைத் தொடங்கின. 1998 ஏப்பிரல் 24இல் 22 பேர் மக்கள் காணக் கொல்லப்பட்டனர். கொலைத் தண்டனை 2007இல் நீக்கப்பட்டது. அந்நீதிமன்றங்கள் சென்ற வேகத்தில் எல்லா வழக்குகளையும் முடிக்க நூறாண்டுக்கு மேலாகும் எனக் கணக்கிட்டனர். ஆராயாது அடைத்து வைத்தலும் முறையன்று. ஆராயாது விடுவித்தலும் முறையன்று. இவ்விடுக்கணே புல்வெளி மன்றத்தைத் தோற்றுவித்தது.

7. புல்வெளி மன்றம்

கச்சாச்சா என்னும் கின்யாருவாண்டாச் சொல் புல்லைக் குறிக்கும். ஊரார் புல்வெளியில் அமர்ந்து வழக்குத் தீர்த்தமையின் அவ்வழக்குமுறைக்கே அப்பெயர் ஆயிற்று. மரத்தடியையும் திறந்த வெளியையும் குறித்த மன்றம் என்னும் சொல் நம் மொழியில் நீதியிடத்திற்குப் பெயரானது போல்வதே இது. பண்டை நாளில் நிலம், ஆனிரை, மணம் பற்றிய பிணக்குகளையே கச்சாச்சா தீர்த்தது. கொலைக்குற்றம் அதன் எல்லைக்குட்பட்டதன்று. ஆதலின் பழைய மரபு மீட்கப்பட்டது என்று கூறுதல் முழுதும் பொருந்தாது. பழம்பெயரை ஏற்று, அரசு சட்டத்தால் வகுத்த புதிய மன்றம் என்பதே பொருத்தம்.

2001இல் சட்டம் இயன்றது. அவ்வாண்டு அக்டோபரில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் ஊர்தோறும் நடுவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நேர்மையாளர் எனப் பொருள்படும் பெயர் அவர்க்கு இடப்பட்டது. அவர்கள் சட்டம் கற்றவரல்லர், பலர் உழவர், பெண்டிரும் பலர். 2002 சூன் 18இல் சில இடங்களில் தொடங்கிய மன்றங்கள் 2005இல் நாடு முழுதும் பரவி, 2012 சூன் 18இல் மூடப்பட்டன. மன்றங்கள் ஏறத்தாழ 12,000. ஆராயப்பட்ட வழக்குகள் 19 இலட்சத்து 58 ஆயிரத்துக்கு மேல்.

மன்றத்தின் முதற்பணி தீர்ப்பளித்தல் அன்று; பட்டியல் எழுதுதல். 1994இல் இவ்வூரில் வாழ்ந்தோர் யாவர்? கொல்லப்பட்டோர் யாவர்? கொன்றோர் எவர்? அழிந்த வீடும் கவர்ந்த ஆனிரையும் எவை? வாரம் ஒரு நாள் கூடி, ஊரார் வாய்ச்சொல்லாகவே இவை எழுதப்பட்டன. அவ்வேளை கடைகள் அடைக்கப்பட்டன, வருகை கடமையாயிற்று. பின்னர்க் குற்றங்கள் வகைப்படுத்தப்பட்டன. பொருட்குற்றத்திற்கு ஈடு செய்தலே தண்டனை. கொலைக்குற்றத்திற்குச் சிறை, குற்றத்தை ஒப்புக்கொள்வார்க்கு அது குறைந்தது, ஒரு பகுதி பொதுப்பணியாக மாறிற்று. ஆனால் ஒப்புதல் முழுமையாக இருத்தல் வேண்டும். எவரைக் கொன்றான், உடன் நின்றோர் யாவர், உடலை எங்கு இட்டான் என மூன்றும் கூறி மன்னிப்பு வேண்டுதல் வேண்டும்.

இம்மூன்றனுள் இறுதியது சட்டத்தார் கண்ணுக்குச் சிறிது, உறவினர்க்குப் பெரிது. அரூசாவில் தண்டனை பெற்ற தலைமையமைச்சர் அறியாத ஒன்றை ஊர்க்கொலைஞன் அறிவான்: எந்தக் கிணற்றில், எந்த வாழைத்தோட்டத்தில் உடல் கிடக்கின்றது என்பது அது. புல்வெளியில் கூறப்பட்ட சொல்லைக் கொண்டு எலும்புகள் அகழ்ந்தெடுக்கப்பட்டு, பெயரோடும் சடங்கோடும் அடக்கம் செய்யப்பட்டன. இதனை வேறு எம்மன்றமும் செய்திருத்தல் இயலாது.

குறைகளும் பல. குற்றஞ்சாட்டப்பட்டோர்க்கு வழக்கறிஞர் இலர். நிலத்தகராற்றையும் பழம்பகையையும் மனத்திற்கொண்டு பொய்க்குற்றம் சாட்டினாரும் உளர்; கையூட்டுப் பெற்ற நடுவரும் உளர். சான்றுரைத்தமையாலும் சான்றுரைப்பர் என்னும் அச்சத்தாலும் கொல்லப்பட்ட துட்சியர் உண்டு. முதலில் விலக்கப்பட்டிருந்த வன்புணர்ச்சி வழக்குகள் 2008இல் ஊர்மன்றங்களிடம் விடப்பட்டன; அவை மூடிய அவையில் நடந்தனவெனினும், சிற்றூரில் யார் எதற்கு உள்ளே சென்றாள் என்பது மறையாது. உயிரிழப்புக்கு ஈடு வழங்கும் நிதியம் பற்றிய எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை.

8. இரண்டையும் ஒப்புநோக்கல்

நம் பழந்தமிழ் நூல்கள் கூறும் நடுவுநிலைமை துலாக்கோல் போல்வது. மதுரைக்காஞ்சி அறங்கூறவையத்தாரை அவ்வாறே போற்றும். அச்சம், அவா முதலியன நீங்கி இருபாலும் சாயாது நிற்றல் அவர் இலக்கணம். அரூசா மன்றம் இவ்விலக்கணத்தை நாடியது. செனெகால் நாட்டார் ஒருவர், சுவீடன் நாட்டார் ஒருவர், தென்னாப்பிரிக்கர் ஒருவர் எனத் தாபாவில் உறவோ பகையோ இல்லாதார் மூவர் அக்கயேசுவை ஆராய்ந்தனர். ஆயின் சாயாமைக்கு அவர் தந்த விலை தொலைவு. மன்றத்தின் தீர்ப்புகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்டன. குன்றுகளில் வாழ்ந்த உழவர்க்கு அவற்றுள் மிகச் சிலவே எட்டின. காவலில் இருந்தோர் நன்மருத்துவம் பெற, அக்கொடுமையால் நோய் பற்றிய பெண்டிர் ஊரில் மருந்தின்றி மாய்ந்தனர் என்ற முறையீடு பல்லாண்டு ஒலித்தது.

புல்வெளியிலோ நிலை மறுதலை. ஆங்கு நடுவர் துலாக்கோல் அல்லர். தட்டுகளுள் ஒன்றில் தாமும் நின்றவர். கொல்லப்பட்டவர்க்கு அண்டை வீட்டார், கொன்றவர்க்கு உறவினர். தீர்ப்பு முடிந்ததும் யாவரும் ஒரே பாதையில் வீடு திரும்புவர். ஒரே ஊற்றில் நீர் எடுப்பர். சாயாமை அரிது, ஆனால் உரிய செவிக்குச் சொல் எட்டிற்று. கேட்டவர் அறிந்தவர், கூறியவர் அறியப்பட்டவர்.

ஆதலின் போருக்குப் பின் மன்றம் செய்யவல்ல பணி இரண்டு எனத் துணியலாம். நிகழ்ந்தது இதுவென எவரும் மறுக்கவொண்ணாதவாறு நிலைநாட்டல் ஒன்று. அவ்வுண்மையை அதனால் நலிந்தோர்க்கும் நலித்தோர்க்கும் நேர்நின்று உரைத்தல் மற்றொன்று. அரூசா முன்னதைச் செம்மையாகச் செய்தது. புல்வெளி பின்னதை ஓரளவு செய்தது. ஒன்றை விடுத்து ஒன்று நின்றிருப்பின் முறை குறைபட்டிருக்கும். அரூசா இன்றேல், இனப்படுகொலை என ஒன்று நிகழவில்லை, இருபால் போரே நிகழ்ந்தது என வாதிடுவார்க்கு இடம் அகன்றிருக்கும். புல்வெளி இன்றேல், உலகம் அறிந்ததை ஊர் அறியாது போயிருக்கும்.

9. பேசப்படாத பகுதி

ஆயினும் இரண்டு மன்றங்களும் ஒருங்கே தொடாது விட்ட பகுதி ஒன்று உண்டு. வென்ற முன்னணிப் படையினரும் 1994இல் பொதுமக்களைக் கொன்றனர். இக்கொலைகள் இனப்படுகொலையோடு ஒப்பிடத்தக்கன அல்ல. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் பெரும்பிழை. எனினும் கொல்லப்பட்டார்க்கு மக்களும் சுற்றத்தாரும் உளர். அரூசா மன்றத்தின் ஆணை 1994இல் ருவாண்டாவில் நிகழ்ந்த போர்க்குற்றம் அனைத்தையும் தழுவியது. 2000இல் வழக்குத் தொடுநர் கார்லா டெல் போன்டே அம்மையார் முன்னணியார் மீதான விசாரணையை அறிவித்தார். 2003இல் அவர் அப்பணியினின்று நீக்கப்பட்டார். இவ்விசாரணையே காரணம் எனப் பின்னர் அவர் உரைத்தார். முன்னணியார் ஒருவர்மீதும் அரூசாவில் வழக்கு எழவில்லை. புல்வெளி மன்றங்களின் எல்லையிலிருந்தும் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் போர்க்குற்றங்கள் விலக்கப்பட்டன. கப்காயி என்னுமிடத்தில் பேராயர் உள்ளிட்ட சமயத்தலைவர்கள் கொல்லப்பட்ட வழக்கு 2008இல் ருவாண்டாவின் படைமன்றத்தில் ஆராயப்பட்டது, நால்வருள் இருவர் சில்லாண்டுச் சிறை பெற்றனர், இருவர் விடுதலையாயினர்.

வென்றவர் தோற்றவரை மட்டும் ஆராய்தல் முறையாகுமா என்ற வினாவை, 1948இல் தோக்கியோ மன்றத்தில் இந்திய நடுவர் இராதாபினோத் பால் தம் மறுப்புத் தீர்ப்பில் எழுப்பினார். அவ்வினா அரூசாவிலும் விடைபெறாது நின்றது. விடைபெறாமையின் விளைவு எல்லைக்கு அப்பால் தெரிந்தது. 1996 முதல் காங்கோ நாட்டில் நிகழ்ந்த போர்களில் ருவாண்டாப் படை புகுந்தது. ஆங்கிருந்த ஹூட்டு ஏதிலிகள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். இவற்றைத் தொகுத்துரைக்கும் அறிக்கையை ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை அலுவலகம் 2010 அக்டோபர் 1இல் வெளியிட்டது. அக்கொலைகளுள் சில, மன்றத்தில் மெய்ப்பிக்கப்படின் இனப்படுகொலையாகவும் கொள்ளப்படலாம் என அது கூறிற்று. ருவாண்டா அரசு அதனைக் கடுமையாக மறுத்தது. அப்போது அவ்வலுவலகத்தின் உயர் ஆணையாளராய் இருந்தவர் நவநீதம் பிள்ளை அம்மையாரே. துட்சியரை அழித்தவர்க்குத் தீர்ப்பளித்த அதே கை, துட்சியர் தலைமையில் அமைந்த படைமீது எழுந்த குற்றச்சாட்டையும் உலகின் முன் வைத்தது. துலாக்கோலின் இயல்பு அதுவே. ஆனால் அவ்வறிக்கையில் கண்டவற்றை ஆராயத் தனி மன்றம் எதுவும் எழாமலே ஆண்டுகள் பல கழிந்தன.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன சில. தீர்ப்பும் அமைதியும் ஒரு பொருளல்ல. ருவாண்டாவில் இன்று கொன்றவனும் கொல்லப்பட்டவன் மனைவியும் ஒரே ஊரில் வாழ்கின்றனர். சிலர் மனமொப்பியும், பலர் வேறு வழியின்மையாலும். மன்றம் அவர்க்கு அன்பைத் தரவில்லை. தருதல் மன்றத்தின் தொழிலும் அன்று. அது தந்தது இருவரும் ஏற்றாக வேண்டிய ஓர் உண்மை. இன்னார் இன்னாரைக் கொன்றார், இன்ன இடத்தில் இட்டார் என்பது ஊரறிய உரைக்கப்பட்டபின், இறந்தோர் இலர் என்றோ தாமே மாய்ந்தனர் என்றோ எவரும் கூறார். அவ்வடிப்படைமீது அமைதி எழலாம், எழாமலும் போகலாம். அவ்வடிப்படை இன்றி எழுவது அமைதி அன்று; வாய்மூடியிருத்தல் மட்டுமே.

இவ்வளவைக் கொண்டு அளப்பின் ருவாண்டாவின் முறை பெரும்பகுதி நிறைவும் ஒரு பகுதி குறைவும் உடையது. துட்சியர் சாவுகள் பெயரோடு உரைக்கப்பட்டன. ஒவ்வோர் ஏப்பிரலிலும் நாடு அவற்றை நினைக்கின்றது. முன்னணியார் கையில் மாய்ந்தோர்க்குப் புல்வெளியும் இல்லை, அரூசாவும் இல்லை. அவர் சுற்றத்தார் அழுதல் வீட்டினுள்ளே நிகழ்கின்றது. ஒரு கண்ணீர் அவையேறவும் மற்றொன்று அவையேறாது நிற்கவும் இரண்டும் ஒரே மண்ணில் விழுகின்றன. பின்வரும் போர்களுக்குப் பின் மன்றம் அமைப்பார் அரூசாவின் செம்மையையும் புல்வெளியின் அணுமையையும் ஒருங்கே கொள்ளுதல் வேண்டும். அவற்றினும் முன்னதாக, எவர் கையால் மாய்ந்தாராயினும் மாய்ந்தார் அனைவர் பெயரும் அப்பட்டியலில் ஏற இடந்தருதல் வேண்டும்.